அறியா வினாவும் ஆங்கில வகுப்பும்

‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ ஆகிய மூன்றும் எங்கெங்கே வரும் என்று தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் மாணவன், எதிரே வந்து நிற்கும் ஒருவரிடம் ‘நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். சிலர் அந்த மாணவனாகவே இருந்திருக்கிறோம். மதிப்பெண்ணுக்கும் பேச்சுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளம் கல்லூரி வாசலிலும் வேலைக்கான நேர்முகத்திலும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது தோண்டப்படுவது ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட வயதில்தான் என்பது என் எண்ணம். அதற்கு முன்பு பிழையாகப் பேசக் குழந்தை வெட்கப்படுவதில்லை. பன்னிரண்டு வயதில் பக்கத்துப் பெஞ்சின் சிரிப்பு காதில் விழத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு போதும். அதன் பிறகு வாயைத் திறக்காது.

தமிழகத்தில் தமிழ்வழி நடுநிலைப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். பேச்சு ஆங்கிலத்தின் இலக்கணத்தை விளையாட்டுகளின் வழியே கற்பிப்பது எப்படி, அது ஏன் பலன் தருகிறது என்பதை அந்த அனுபவத்தைக் கொண்டு விளக்கப் பார்க்கிறேன். விளையாட்டு என்றதும் பாடத்துக்கு நடுவே தரப்படும் மிட்டாய் என்று பலர் நினைக்கிறார்கள். நான் சொல்லவருவது அதுவல்ல. இங்கே விளையாட்டுதான் பாடம்.

நன்னூல் சொல்லும் ஆறு வினா

இதை விளக்க மேலைநாட்டுக் கல்வியியலுக்குப் போகுமுன் நம் பவணந்தியாரிடம் போகலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடையைத் தான் அறிந்துகொண்டே பிறர் அறிவாரா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பது இதுவே. தனக்கு விடை தெரியாததால் கேட்பது அறியா வினா.

நமது ஆங்கில வகுப்பில் கேட்கப்படும் கேள்விகளை ஒரு நாள் முழுக்க எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே அறிவினாக்கள். ‘வாட் இஸ் திஸ்?’ என்று பேனாவைத் தூக்கிக் காட்டிக் கேட்கிறோம். அது பேனா என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஆட்டுக்கும் ஒருவேளை தெரியும். இந்தக் கேள்வியால் எந்தச் செய்தியும் கை மாறுவதில்லை. மேலும், கேட்பவர் எப்போதும் ஆசிரியர். மாணவன் விடை சொல்பவன் மட்டுமே. ஐந்தாண்டு ஆங்கிலம் படித்தும் அவன் தன் தேவைக்காக ஒரே ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டான். ஆனால் உரையாடலின் பாதி, கேட்பதில் அல்லவா இருக்கிறது?

நல்ல மொழி விளையாட்டு ஒவ்வொன்றும் செய்வது இந்த ஒன்றைத்தான்: அறிவினாவை அறியா வினாவாக மாற்றுகிறது. ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால்தான் ஆட்டம் நகரும். அப்போது இலக்கணம் ஒரு கருவியாகிறது.

இந்தத் திசையில் உலகமே திரும்பிப் பார்த்த சோதனை ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய திட்டம் அது. இலக்கண விதியைச் சொல்லித் தருவதை விட்டுவிட்டு, ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து அவற்றிலிருந்து கணக்கிட வேண்டிய சிக்கல்களை மாணவர் முன் வைத்தார். பொருளில் கவனம் இருக்கும்போது மொழியின் அமைப்பு தானே படியும் என்பது அவர் கருத்து. 1987இல் அதை நூலாகவும் எழுதினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1984இல் வெளியிட்ட மாரியோ ரின்வொலூக்ரியின் இலக்கண விளையாட்டு நூல் வேறு வழியில் செல்வது. அது இலக்கணத்தையே ஆட்டப் பொருளாக்குகிறது. எனக்கு இரண்டும் உதவின. ஆனால் இரண்டிலும் இல்லாத ஒன்றை, தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் எந்த இடத்தில் இடறுகிறது என்பதை, நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். நான் கையாண்ட ஆட்டங்களை அந்த இடறல்களின் வரிசையிலேயே சொல்கிறேன்.

தொப்பி ஆட்டம்

தமிழில் கேள்வி கேட்பது எளிது. ‘அவள் போனாள்’ என்பதன் கடைசியில் ஓர் ஆகாரத்தை ஒட்டினால் ‘போனாளா?’ ஆகிவிடும். எந்தச் சொல்லை ஐயுறுகிறோமோ அதன்மேல் ஒட்டலாம்: ‘அவளா போனாள்?’ ஆங்கிலத்தில் இந்த ஆகாரம் இல்லை. அங்கே சொற்கள் இடம் மாற வேண்டும். ஆகவே நம் பிள்ளைகள் ‘யூ லைக் மேங்கோ?’ என்று குரலை மட்டும் உயர்த்துகிறார்கள்; அல்லது விதி நினைவுக்கு வந்து, ‘டிட் யூ வென்ட்?’ என்று இறந்தகாலத்தை இரண்டு முறை சொல்கிறார்கள்.

இதற்கு நான்கைந்து பிள்ளைகளும் காகிதத் தொப்பிகளும் போதும். ஆளுக்கொரு சொல்லட்டை. ‘ஷி’, ‘கேன்’, ‘ஸ்விம்’ என்று மூவர் வரிசையாக நிற்கிறார்கள். கேள்வி என்று நான் கைதட்டியதும் ‘ஷி’யும் ‘கேன்’னும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இது எளிது. அடுத்து ‘ஷி’, ‘லைக்’, ‘மேங்கோஸ்’. இதில் ‘லைக்’ ஒரு மஞ்சள் தொப்பி அணிந்திருக்கும். அந்தத் தொப்பிதான் ‘லைக்ஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’. இங்கே இடம் மாற உதவிவினை யாரும் இல்லை. ஆகவே கதவருகே காத்திருக்கும் ‘டூ’ என்ற விருந்தாளியை அழைக்கிறோம். அவன் வந்து முதலில் நிற்பான். வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டுமே! ‘லைக்’ தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைக்கிறது. ‘டூ’ இப்போது ‘டஸ்’ ஆகிவிட்டான். ‘லைக்’ வெறுந்தலையோடு நிற்கிறது. ‘டஸ் ஷி லைக் மேங்கோஸ்?’

சிவப்புத் தொப்பி இறந்தகாலம். ‘கோ’ அதை அணிந்தால் ‘வென்ட்’. விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டால் அவன் ‘டிட்’. இவன் மறுபடி ‘கோ’. ஒரு வாக்கியத்தில் ஒரு தொப்பிதான் என்பது ஆட்டத்தின் விதி. இதை இரண்டு வாரம் ஆடிய வகுப்பில் ஒருவன் ‘டிட் யூ வென்ட்?’ என்றால், நான் திருத்த வேண்டியதில்லை. ‘ரெண்டு தொப்பி, ரெண்டு தொப்பி!’ என்று வகுப்பே கத்தும். தவறு செய்தவனும் சிரித்துக்கொண்டே தலையிலிருந்து இல்லாத தொப்பியைக் கழற்றுவான். பிழை அவமானமாக இல்லாமல் ஆட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. இதன் மதிப்பை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

ஆள் தேடும் ஆட்டம்

நமக்கு எல்லாம் ‘எனக்கு’தான். எனக்குப் பசிக்கிறது, எனக்கு மாம்பழம் பிடிக்கும், எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், எனக்கு நீந்தத் தெரியும். நான்காம் வேற்றுமை ஒன்றே இத்தனை வேலையையும் பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்: ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ லைக்’, ‘ஐ ஹேவ்’, ‘ஐ கேன்’. இதை அட்டவணையாக மனப்பாடம் செய்ய வைத்தால் மறுநாளே மறந்துவிடும்.

ஒரு தாளில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் தமிழிலேயே எழுதிக் கொடுப்பேன்: தங்கை இருக்கிறாள், பாகற்காய் பிடிக்கும், சைக்கிள் ஓட்டத் தெரியும், நேற்று மீன் சாப்பிட்டார், இப்படி. மாணவர்கள் எழுந்து நடந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருந்தும் ஒருவரைக் கண்டுபிடித்துப் பெயர் எழுத வேண்டும். ஒருவர் பெயர் ஒருமுறைதான் வரலாம். கேள்வி ஆங்கிலத்தில் இருந்தால்தான் எதிராளி பதில் சொல்வார். கட்டம் தமிழில் இருப்பதால் படித்துக் காட்டித் தப்பிக்க முடியாது. ‘டூ யூ ஹேவ்’ என்பதா, ‘கேன் யூ’ என்பதா என்று தானே முடிவு செய்ய வேண்டும். பாகற்காய் பிடிக்கும் ஒரு பிள்ளையைத் தேடி நாற்பது பேர் அலைவது பெரிய வேடிக்கை. கடைசியில் கண்டதை வகுப்புக்குச் சொல்லும்போது, ‘ஷி லைக்ஸ்’, ‘ஹி ஹாஸ்’ என்று படர்க்கை வடிவங்கள் வந்தே தீரும். அம்மாவையும் அப்பாவையும் ஒரே ‘அவர்’ என்று சுட்டிப் பழகிய நாக்கு, ‘ஹி’யா ‘ஷி’யா என்று நின்று யோசிப்பதும் இங்கேதான்.

ஆமாம், இல்லை

‘மீன் சாப்பிட மாட்டாயா?’ என்று கேட்டால், சாப்பிடாதவர் ‘ஆமாம், சாப்பிட மாட்டேன்’ என்பார். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலம் கேட்டவரைப் பார்ப்பதில்லை; செய்தியை மட்டுமே பார்க்கிறது. சாப்பிடுவதில்லை என்றால், எப்படிக் கேட்டாலும் ‘நோ, ஐ டோன்ட்’தான். வெளிநாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்த பெரியவர்கள்கூட மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் இந்த ‘யெஸ்’ஸால் குழப்பத்தில் மாட்டுவதுண்டு.

இதற்குப் பந்து ஒன்று போதும். எறிபவன் எதிர்மறைக் கேள்வி கேட்டு எறிய வேண்டும்: ‘டோன்ட் யூ ஈட் ஃபிஷ்?’ பிடிப்பவன் உடனே சொல்ல வேண்டும். ‘யெஸ், ஐ டோன்ட்’ என்று வந்தால் பந்து திரும்பப் போகும். வேகம் இங்கே முக்கியம். யோசிக்க நேரம் இருந்தால் தமிழ் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். வேகம் கூடும்போது நேர்வழி பழகிவிடுகிறது.

எட்டு விடை

நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இதைத் தமிழ் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் ஏன் பயன்படுத்தக் கூடாது? விடை வகைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டேன். ஒருவன் கேட்பான்: ‘வில் யூ கம் டு ப்ளே?’ மற்றவன் சீட்டு எடுத்து, அதில் வந்த வகையில் விடை சொல்ல வேண்டும். எந்த வகை என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும்.

நேர் வந்தால் ‘யெஸ், ஐ வில்’. மறை வந்தால் ‘நோ, ஐ வோன்ட்’. வினா எதிர் வினாதல் என்றால் ‘வொய் நாட்?’ ஏவல் என்றால் ‘ப்ளே வித் யுவர் பிரதர்’. உற்றது உரைத்தல் வந்தால் ‘ஐ ஹேவ் ஹர்ட் மை லெக்’. உறுவது கூறல் என்றால் ‘மை மதர் வில் ஸ்கோல்ட் மீ’. இனமொழி என்றால் ‘ஐ வில் வாட்ச்’. சுட்டு மட்டும் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. மைதானம் எங்கே என்று கேட்டால்தான் அது வரும். காலங்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் உற்றது என்றதும் நடந்து முடிந்ததும், உறுவது என்றதும் வரப்போவதும் தாமே வந்துவிட்டன. இன்னொன்றும் நிகழ்ந்தது. கேட்ட கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்று சொல்லிவிட்டு ஊமையாகும் பிள்ளைகள், மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை, சுற்றியும் சாய்த்தும் பேசுகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார்கள்.

சில நடைமுறைகள்

இவை எளிதாக நடந்துவிடும் என்று சொல்லமாட்டேன். நாற்பது பேர் எழுந்து நடந்தால் சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவர் ஆட்டம் முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொள்வார்கள். அணியில் யார் பதில் சொல்வது என்பதைச் சீட்டுப் போட்டே முடிவு செய்தால், கெட்டிக்காரர்கள் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய கட்டாயம் வருகிறது. அந்தச் சொல்லித்தரல் ஆசிரியரின் விளக்கத்தைவிடப் பயனுள்ளது. தங்களுக்குள் திட்டமிடத் தமிழைத் தடை செய்யாதீர்கள். ஆட்டத்தின் கேள்வியும் பதிலும் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். காதில் விழுந்த பிழைகளில் மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு, முடிந்தபின் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள், வகுப்பே திருத்தட்டும்.

பிள்ளைகள் தங்களுக்குள் பிழையான ஆங்கிலத்தையே பேசிப் பழகிவிடுவார்களே என்ற அச்சமும் நியாயமானதே. பிரபுவும் இதே காரணத்தால் குழு வேலையைவிட ஆசிரியர் முன்னின்று நடத்தும் வகுப்பையே விரும்பினார். எனவே ஓர் ஆட்டத்தில் ஓர் அமைப்பு மட்டும் புழங்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். அந்த ஒன்றைப் பிள்ளைகளே காவல் காப்பார்கள்.

கடைசியாக, இந்தப் பக்கங்களைப் படிக்கும் அயலகத் தமிழருக்கு ஒன்று. நான் இப்போது வெளிநாட்டில், வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில் உதவி வருகிறேன். இங்கே இடறல்கள் அப்படியே தலைகீழாக வருகின்றன. ஆங்கிலத்தில் சிந்திக்கும் பிள்ளை ‘நான் பசி’ என்கிறது; ‘நான் ஒரு தங்கை வைத்திருக்கிறேன்’ என்கிறது; ‘சாப்பிட மாட்டாயா?’ என்றால் ‘இல்லை’ என்று சொல்லி நம்மைக் குழப்புகிறது. அதே எட்டுக் கட்டத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, தமிழில் கேட்டால்தான் பதில் என்று விதி வைத்தேன். ‘உனக்குத் தங்கை இருக்காளா?’ என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கும்போது, அந்த மொழி அதற்கு வீட்டுப்பாடமாக இருப்பதில்லை. உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் முயன்று பாருங்கள். தாளும் பென்சிலும் ஒரு பந்தும் போதும்.