கடல் இறங்கினால் உயிர்கள் அழியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளைத் தாண்டிக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. பரப்பில் பெரிது, ஆழத்தில் ஒன்றுமில்லை. சராசரி ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இறங்கி நடக்கலாம். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் வரத்தும் குறையும். வெளியே ஆழ்கடலுக்கு ஒரு குறையும் இருக்காது.

இந்த ஏரியைக் கண்டம் அளவுக்கு விரித்துப் பாருங்கள். சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவிசியன் காலத்தின் கடைசியில், கண்டங்களின் நடுப்பகுதி வரை ஆழமில்லாக் கடல்கள் பரந்து கிடந்தன. உயிர்கள் மண்டியதும் அங்கேதான். அப்போது இந்தியாவும் ஆப்பிரிக்காவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் பகுதிகள். அதன் தென்துருவப் பக்கத்தில், இன்று சகாரா இருக்கும் இடத்தில், பனி மலைமலையாகக் குவிந்தது. அத்தனை பனியும் கடல் கொடுத்த தண்ணீர். கடல்மட்டம் பல பத்து மீட்டர் இறங்க, ஆழமில்லாக் கடல்கள் வற்றின. கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு அழிந்ததாகக் கணக்கு.

அப்படியானால் குற்றவாளி கடல்மட்டம்தானா? அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுத முடியாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பும், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. பழவேற்காடு ஏரியே அப்போது இல்லை. கரை இன்னும் கிழக்கே இருந்தது. ஆனாலும் கடலில் பேரழிவு எதுவும் நடக்கவில்லை. அந்த முறை வற்றியது கண்டத்தின் விளிம்பு மட்டும்தான். ஆர்டோவிசியனில் வீடே பறிபோனது. கூடவே கடுங்குளிரும், நீரிலிருந்த ஆக்சிஜனின் தடுமாற்றமும் சேர்ந்துகொண்டன. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவுக்கும் ஒரு காலத்தில் கடல் இறங்கியதையே காரணம் சொன்னார்கள். இன்று சைபீரிய எரிமலைகளைத்தான் முதலில் கைகாட்டுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், எனக்கு மிகவும் பிடித்தது. கடல் விலகிய இடத்தில் கடற்சேறு படியாது. சேறு இல்லையென்றால் கடலுயிர்களின் புதைபடிவமும் இல்லை. ஊர்ப் பதிவேட்டில் நாலு பக்கம் கிழிந்திருந்தால், அதற்கு முந்தின பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் செத்துப்போனது போலத்தானே தெரியும்?

நம் அரியலூரில் அந்தக் கிழிசலைப் பார்க்கலாம். கிரெட்டேசியஸ் காலக் கடற்பாறைகளில் அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடுகள் சுருள் சுருளாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே கல்லமேட்டில் ஆறு கொண்டுவந்த மணற்பாறை, அதில் டைனோசர் எலும்புகள். கடல் விலகிப்போனதற்கு அதுவே சாட்சி. அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்: கடல் திரும்பி வந்துவிட்டது, அம்மோனைட் வரவில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் விழுந்த விண்கல்லையும், தக்காணத்து எரிமலைகளையும் அம்மோனைட்டை ஒழித்த பேரழிவுக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அரியலூரில் மட்டும் அம்மோனைட்டின் கடைசி நாளைத் தேடிப் பயனில்லை. அன்றைக்கு அங்கே கடல் இல்லை.