குட்டி யானையில் எத்தனை ஆடு ஏற்றலாம்?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால், குண்டடம் சந்தையில் குர்பானி ஆடு வாங்கி, தாராபுரம், பல்லடம், திருப்பூர் என்று குட்டி யானை வண்டிகளில் ஏற்றிப் போகிறோம். மற்ற நாட்களில் அதே வண்டியில் நூல் மூட்டை போகும். எதை ஏற்றினாலும் அளவு பார்ப்பது கண்ணால்தான். "இன்னும் இடம் இருக்குங்ணா, போடுங்க!"

உண்மையான அளவு ஆர்.சி.யில் இருக்கிறது. ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றது லோடு, ஆள் எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை. உதாரணத்துக்கு, வெறும் எடை 850 கிலோ, மொத்த எடை 1600 கிலோ என்றால் மீதி 750 கிலோ. ஓட்டுநரும் உடன் வருபவரும் 140 கிலோ. சரக்குக்கு 610 கிலோதான்.

25 கிலோ ஆடு என்றால் எடைக் கணக்கில் 24 ஏற்றலாம். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும். 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள தொட்டி சுமார் 3 சதுர மீட்டர். ஆகவே 10 ஆடுதான்! பட்டினி போட்டு, அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்ட ஒட்டகத்துக்காக அதன் உரிமையாளரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. குர்பானிக்கு என்று வாங்கிய ஆட்டை நசுக்கிக் கொண்டுபோவது எந்த வகையில் சேரும்?

நூல் மூட்டையில் கதை தலைகீழ். இடம் மிஞ்சும், எடை முதலில் நிறைந்துவிடும். பிரேக்கும் டயரும் அந்த மொத்த எடைக்குத்தான் செய்யப்பட்டவை. கூடுதல் பாரத்தில் டயர் சூடேறி வெடிக்கும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்கவேண்டிய விசையாற்றல் நான்கு மடங்கு. டிராக்டரில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். இறக்கத்தில் பின்னால் இருக்கும் பாரம் டிராக்டரையே தள்ளும். டிரெய்லருக்கும் தனி எடை வரம்பு உண்டு.

2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. எடைபோட நிறுத்தாமல் போனால் 40,000.

இன்னொன்று, ஆடுகளோடு பிள்ளைகளையும் பின்னால் ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் சும்மா பயணம் செய்பவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ உடன் வரலாம், அதுவும் வண்டிக்கு அனுமதித்த இருக்கையில்.