முகமாலையில் ஓடிய கோடு

பூமியை இரண்டாகப் பகுக்கும் கோடுகளைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். "ஐயா, அந்தக் கோட்டைக் கடப்பவருக்கு அது தெரியுமா?" என்று மாணவன் ஒருவன் எழுந்து வினவினான். பளையிலே தமிழ் கற்பிக்கும் பண்டிதன் யான். புவியியல் என் துறையன்று. ஆசிரியர் ஒருவர் வாராமையால் அவ்வகுப்பு அன்று என் தலையில் விழுந்தது. ஆயினும், விடை கூறாது விடுவது பண்டிதர்க்கு இயல்பன்று அன்றோ!

நிலநடுக்கோட்டைப் பழைய நூலோர் நிரட்சரேகை என்றனர். அட்சம் அற்றது நிரட்சம். அக்கோடு மனிதர் கூடி வகுத்ததன்று. பூமி தன் அச்சிலே சுழலும்வரை, இரு துருவங்களுக்கும் ஒத்த தொலைவில் அஃது இருந்தே தீரும். வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்னும் பிரிவுக்குச் சூரியனே சான்று. நம் பளை அக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேலே உள்ளது. ஆதலின் ஏப்ரல் 15ஆம் நாளை ஒட்டி, சித்திரைப் புத்தாண்டின் வாசலிலேயே, நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து நிற்கும். முற்றத்துத் தென்னையின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும். அதன்பின் ஓகஸ்ட் இறுதிவரை நண்பகல் நிழல் தெற்கே சாயும். மற்றைக் காலமெல்லாம் வடக்கே சாயும்.

கிழக்கு, மேற்கு என்னும் பிரிவோ வேறு வகையது. உருண்டையிலே கிழக்குத் தொடங்கும் இடம் யாது? எவ்விடத்தையும் தொடக்கமாகக் கொள்ளலாம். சூரிய சித்தாந்தம் உச்சயினி வழியே செல்லும் கோட்டை முதற்கோடாகக் கொண்டது. அக்கோடு நிரட்சரேகையைச் சந்திக்குமிடத்துக்கு 'இலங்கை' என்றும் பெயரிட்டது. அவ்விலங்கையைத் தேடிச் செல்வோர் நீந்தத்தான் வேண்டும்; அங்கே இருப்பது கடல்! 1884இல் வாஷிங்டனிற் கூடிய நாடுகள் கிறீனிச் வழிச் செல்லும் கோட்டை முதற்கோடாக ஏற்றன. பிரான்சு வாக்களியாது ஒதுங்கிற்று. வேறொரு நகரைத் தேர்ந்திருப்பின் கீழரைக்கோளத்தின் எல்லையும் பெயர்ந்திருக்கும்.

உலகத்து மணிகளெல்லாம் அம்முதற்கோட்டிலிருந்தே எண்ணப்படுகின்றன. கிழக்கே 15 பாகை சென்றால் ஒரு மணி கூடும். ஆனால் எந்த மணியைக் கைக்கொள்வது என்பதை ஆட்சியாளரே முடிவு செய்வர். 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளிற்று; அவ்வாண்டிலேயே அதில் அரைமணியைக் குறைத்துக்கொண்டது. விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்த பகுதிகளோ பழைய மணியையே பற்றி நின்றன. 2000இல் பளையும் அவர்கள் வசமாயிற்று. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது, பளைக்கு வடக்கே முகமாலையில் இரு மணிகள் எதிரெதிரே நின்றன.

அந்நாள்களில் எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசான் யாழ்ப்பாணத்திற் காலமானார். பிற்பகல் மூன்றரைக்குப் பிரேதம் எடுப்பதாகச் செய்தி வந்தது. முகமாலையிற் பொதிகளை அவிழ்த்துக் காட்டினேன். அடையாள அட்டையைக் காட்டினேன். கைக்கடிகாரத்தைத் திருப்ப மறந்தேன். அவர் வீட்டுப் படலையைத் திறக்கையில் என் கையில் மணி மூன்றேகால். உள்ளே சுவரில் மூன்றே முக்கால். முற்றத்திற் பெண்கள் மட்டுமே இருந்தனர். சுடலையை அடைந்தபோது தீ மூண்டிருந்தது. அவர் முகத்தை யான் காணவில்லை.

"தெரிந்தது, தம்பி" என்றேன்.

2006 ஏப்ரலில் அரசும் பழைய மணிக்கு மீண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் வீதியும் அடைபட்டது. இன்று நாடெங்கும் ஒரே மணி. அம்மணிக்குரிய எண்பத்திரண்டரைப் பாகை நெடுங்கோடு நம் தீவைத் தொடாது கீழைக் கடலிலே செல்கின்றது. ஆகவே பளையில் உச்சிப்பொழுது சித்திரையிற் பன்னிரண்டுக்கு வருவதில்லை என்றேன். மாணவன் நம்பவில்லை. புத்தாண்டு விடுமுறையில் வீட்டு முற்றத்தில் இரண்டு முழக் கோலொன்றை நட்டுப் பார்த்தானாம். பன்னிரண்டு மணிக்கு நிழல் இரண்டு விரற்கடை மேற்கே கிடந்ததாம். ஒன்பது நிமிடம் கழிந்த பின்னரே கோலின் அடியிற் புகுந்ததாம்.