‘நானோ ஸ்கேன்’ கேட்டு வருபவர்களுக்கு

எங்கள் புறநோயாளிப் பிரிவில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. நோயாளியைவிட, உடன் வரும் மகனோ மருமகளோதான் அதைக் கேட்கிறார்கள். கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, “கண்ணுக்கே தெரியாத புற்றுநோயைக்கூட நானோ ஸ்கேன் காட்டிவிடுமாமே, டாக்டர்? அப்பாவுக்கு அதை எங்கே எடுக்கலாம்?” என்கிறார்கள். சிலர் அதற்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் அணியமாக இருக்கிறார்கள். அந்தத் தாமதம் நோய்க்குச் சாதகமாகிவிடும் என்பதால், செய்தியில் எது உண்மை, எது மிகை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

முதலில், ‘நானோ ஸ்கேன்’ என்ற பெயரில் தனிக் கருவி எதுவும் இல்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள் பழையவைதாம். படம் எடுப்பதற்கு முன் நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தில்தான் புதுமை இருக்கிறது. சி.டி.க்கு அயோடின் கலந்த மருந்தையும், எம்.ஆர்.ஐ.க்குக் கடோலினியம் கலந்த மருந்தையும் இன்று வழக்கமாகத் தருகிறோம். இவை மிகச் சிறிய மூலக்கூறுகள். இரத்தம் செல்லும் இடமெல்லாம் சென்று, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். எங்கே இரத்த ஓட்டம் மிகுந்திருக்கிறது என்பதை அவை நன்றாகக் காட்டும். ஆனால் அங்கே இருப்பது எத்தகைய செல் என்பதைப் பெரும்பாலும் சொல்லமாட்டா.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், நாம் பேசப்போகும் இரும்பு ஆக்சைடு துகளின் அளவு சுமார் 30 நானோமீட்டர். இத்தகைய துகள் சிறுநீரக வடிகட்டியில் எளிதில் நழுவிச் செல்லாது. இரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, மெல்ல நிணநீர்க் கணுக்களை அடையும். ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த நெறிகளே நிணநீர்க் கணுக்கள். அங்கே அயற்பொருள்களை விழுங்கிச் சுத்தம் செய்யும் மேக்ரோபேஜ் செல்கள் இருக்கின்றன. அவை இந்த இரும்புத் துகள்களையும் விழுங்கிவிடும். ஒரு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், நலமான கணு படத்தில் கறுத்துத் தெரியும். புற்றுநோய் குடியேறிய பகுதியில் மேக்ரோபேஜ்களுக்கு இடமில்லை. ஆகவே அது கருக்காமல் வெளிறியே நிற்கும். துப்புரவுப் பணியாளர் வந்துபோகாத தெருவைப் பார்த்தவுடன் கண்டுகொள்வதைப் போன்றதே இது.

இதன் பயன் என்ன? வழக்கமான சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கணுவின் அளவையே பெரிதும் நம்புகிறோம். எட்டு அல்லது பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஐயப்படுவோம். ஆனால் ஐந்து மில்லிமீட்டர் கணுவுக்குள்ளும் நோய் இருக்கக்கூடும். வெறும் கிருமித் தொற்றினாலும் கணு பெரிதாகக்கூடும். 2003ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரையும் நெதர்லாந்தின் நைமேகன் நகரையும் சேர்ந்த மருத்துவர்கள், புராஸ்டேட் புற்றுநோய் உடைய 80 பேரிடம் இரும்புத் துகள் முறையைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். அறுவை அல்லது பயாப்சி மூலம் 334 கணுக்கள் ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கப்பட்டன. 33 பேரின் 63 கணுக்களில் நோய் பரவியிருந்தது. அந்த 63இல் 45 கணுக்கள், வழக்கமான அளவுகோல்படி ஐயத்துக்கே இடமில்லாதவை! நோயுள்ள கணுக்களில் சாதாரண எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது 35.4 விழுக்காடு, துகள் செலுத்திய எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது 90.5 விழுக்காடு.

இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லா மருத்துவமனைகளுக்கும் வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, பொதுப் பயன்பாட்டுக்குச் சான்று போதாது என்று கருதியது. ஐரோப்பாவில் 2007இல் நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. நைமேகன் குழுவினர் பின்னாளில் அம்மருந்தை மீண்டும் கொண்டுவந்து ஆய்வைத் தொடர்ந்தனர். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 80 பேரிடம் நன்றாக வேலை செய்த மருந்து 80,000 பேரிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி. இதே இனத்தைச் சேர்ந்த ஃபெருமாக்ஸிட்டால் என்னும் இரும்பு மருந்து, சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான ஒவ்வாமையும் சில உயிரிழப்புகளும் நேர்ந்ததால், 2015இல் அதன் மீது மிக உயர்ந்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இதற்கிடையில் புராஸ்டேட் நோய்க்கு பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வந்து, அந்த இடத்தின் ஒரு பகுதியை நிரப்பியும் விட்டது. அது நம் பெருநகரங்களிலேயே கிடைக்கிறது.

செய்தித்தாள்களில் வரும் மற்ற நானோ துகள்களில் பெரும்பாலானவை இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு கட்டுரை, உடலில் செலுத்திய துகள்களில் கட்டியை அடைவது நடுமதிப்பாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று காட்டியது. எஞ்சியதில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

ஆனாலும் நானோ துகள் உங்களுக்கு முற்றிலும் எட்டாத பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு முன், அணுமருத்துவப் பிரிவில் மார்பில் ஒரு சிறு ஊசி போடுவார்கள். அதில் இருப்பது டெக்னீசியம் சேர்த்த நானோகொலாய்டு. பெரும்பாலும் 80 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள். மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்று சேரும் ‘காவல் கணு’வை அது அடையாளம் காட்டும். அறுவை மருத்துவர் அந்த ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிப்பார். அவற்றில் நோய் இல்லையென்றால் அக்குளில் உள்ள எல்லாக் கணுக்களையும் அகற்ற வேண்டியதில்லை. அதனால் பிற்காலத்தில் கை வீங்கிப் பாரமாகும் துன்பம் வெகுவாகக் குறைகிறது. குடம் தூக்கவும் மாவு பிசையவும் அந்தக் கை வேண்டுமல்லவா? கதிரியக்கத்துக்குப் பதில் காந்தத்தால் கண்டறியும் இரும்புத் துகளும் இதே பணிக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது.

மேலே சொன்னவை எல்லாம் நோய் இருப்பது தெரிந்த பிறகு, அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அறியும் வழிகள். நலமாக இருப்பவர் ‘எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்று எடுத்துக்கொள்ளும் பரிசோதனைகள் அல்ல. அவர்களுக்கு மேமோகிராம், கருப்பை வாய்ப் பரிசோதனை, புகையிலைப் பழக்கம் உடையவர்களுக்கு வாய்ப் பரிசோதனை ஆகியவையே இன்றும் நாங்கள் பரிந்துரைப்பவை. செலவும் குறைவு.

கான்ட்ராஸ்ட் மருந்துடன் ஸ்கேன் எடுக்க வருபவர்கள், முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் சொல்லுங்கள். சிறுநீரகக் குறைபாடோ சர்க்கரை நோயோ இருந்தால் அண்மையில் எடுத்த கிரியாட்டினின் அறிக்கையைக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் பிள்ளைகளுடன் தங்கியிருந்துவிட்டு வருபவர்களிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறோம்: அங்கே இரத்தசோகைக்கு நரம்பு வழியே இரும்பு மருந்து ஏற்றினார்களா? அது ஃபெருமாக்ஸிட்டாலாக இருந்தால், மூன்று மாதம் வரைகூட எம்.ஆர்.ஐ. படத்தை மாற்றிக் காட்டக்கூடும். மருந்தின் பெயர் நினைவில்லாவிட்டாலும் கவலையில்லை. டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவந்து கதிரியல் பிரிவில் காட்டினால் போதும்.