உங்களுக்குத் தெரியுமா? மேசைக்கு வரும் தஞ்சாவூர் பீரங்கி

★ மதுரை மாட்டுத்தாவணியில் தஞ்சாவூர் பஸ் ஏறிப் போனால், அங்கே பழைய கோட்டையின் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் ஏழரை மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புப் பீரங்கியைப் பார்க்கலாம். எடை ஏறத்தாழ 22 டன். 17-ஆம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்து வேலை. இது வார்ப்பு அல்ல. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக வளைத்து அடுக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை வரிசையாக மாட்டி, அடித்தே ஒட்டவைத்திருக்கிறார்கள் நம் கொல்லர்கள். கிட்டே போனால் வளையத்துக்கு வளையம் பொருத்துவாய் தெரியும்.

★ மேசைமேல் ஆடும் பொம்மைப் போருக்காக அதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 10.4 செ.மீ. வரும். முப்பரிமாண ரெசின் பிரிண்டர் ஓர் அடுக்கை 0.05 மி.மீ. கனத்தில் போடும். குழலை நிமிர்த்தி அச்சிட்டால் 2,080 அடுக்குகள். ஓர் அடுக்கு, நிஜப் பீரங்கியில் 3.6 மி.மீ. இரும்புக்குச் சமம். வளையங்களின் விளிம்புகூடத் துல்லியமாக விழுவதற்கு இதுதான் காரணம். கடைகளில் விற்கும் முப்பரிமாண அச்சுக் கோப்புகளில் நெப்போலியன் காலத்துப் பீரங்கிகளும் உலகப்போர்ப் பீரங்கிகளுமே அதிகம். தஞ்சாவூர்ப் பீரங்கியை யாராவது அளந்து வரைந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

★ திரவ ரெசின் புற ஊதா ஒளி பட்டதும் இறுகிவிடும். சார்லஸ் ஹல் என்ற அமெரிக்கர் இதை வைத்துத்தான் முப்பரிமாண அச்சு முறை ஒன்றை உருவாக்கி, 1986-இல் காப்புரிமை பெற்றார்.

★ பீரங்கிக் குழலை அச்சிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் மூடி, திறந்த வாய் ரெசின் தொட்டியைப் பார்த்தபடி இருந்தால், ஒவ்வொரு அடுக்கும் மேலெழும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டியின் அடித்தாளைப் பிடித்து இழுக்கும். குழல் கிழியும், அல்லது கோணும். திரி வைக்கும் துளை இருக்கும் இடத்தில் கொஞ்சம் பெரிய ஓட்டை விட்டு வரைந்தால் காற்று உள்ளே போக வழி கிடைக்கும். அச்சு முடிந்தபின் அதைப் பசையால் அடைத்துக்கொள்ளலாம்.

★ குளிர்நாட்டுக்காரர்கள் ரெசினைச் சூடாக்க ஹீட்டர் வைக்கிறார்கள், குளிர்ந்தால் அது கெட்டிப்பட்டு ஓடாது. மதுரைக்கு அந்தக் கவலை இல்லை. ஆல்கஹாலில் கழுவிய மாடலை இறுக்க நம் ஊர் வெயிலே போதும். அதிக நேரம் விட்டால் மஞ்சளாகி நொறுங்கும். ரெசின் பாட்டிலை மட்டும் வெயில் படாமல் வையுங்கள். கையுறை இல்லாமல் தொடவே கூடாது: இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

★ எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-இலேயே ‘லிட்டில் வார்ஸ்’ என்ற பொம்மைப் போர் விளையாட்டு விதிநூலை எழுதிவிட்டார். வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கி, சின்ன மரத்துண்டைச் சுட்டுப் பொம்மைச் சிப்பாய்களைச் சாய்க்கும்.

★ மேசைப் போருக்கு மதுரையிலேயே களம் இருக்கிறது. யூசுப் கான் என்கிற மருதநாயகம் மதுரைக் கோட்டைக்குள் இருந்தபடி ஆங்கிலேயரையும் ஆற்காடு நவாபின் படையையும் எதிர்த்தார். 1763 முற்றுகையை மழை முறியடித்தது. 1764 ஜூனில் நடந்த நேரடித் தாக்குதலும் தோற்றது. கடைசியில் துரோகத்தால்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். அந்தக் கோட்டையின் ஒரு துண்டு, மேலவாசல், பெரியார் பஸ் ஸ்டாண்ட் அருகே இன்னும் நிற்கிறது. டேப்பும் கேமராவும் எடுத்துப் போனால் உங்கள் மேசைக் கோட்டைச் சுவருக்கு அசல் அளவே கிடைக்கும்.