தொடுவதற்கு முன்

இனிக் குணமாக்க இயலாது என்று மருத்துவம் கைவிரித்த பின்னும் நோயாளிக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஏராளம் உண்டு. அவற்றையே தம் வாழ்நாட் பணியாக ஏற்றவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1967-இல் இலண்டனில் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம், உலகெங்கும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்கள் எழ வழிகாட்டியது. இந்தியாவில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேதனா இல்லம் தோன்றியது.

சாகப்போகிறவருக்குத் தொற்றுத்தடுப்பு எதற்கு என்று கேட்போர் உளர். கேட்பவர் அந்த நோயாளியின் வாயை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பூஞ்சை வெண்படலமாகப் படர்ந்திருந்தால், ஒரு கரண்டி கஞ்சியும் நெருப்பாய் எரியும். வாயை நாள்தோறும் மென்மையாகத் துடைத்து, பொய்ப்பற்களை இரவில் கழற்றிக் கழுவி வைத்தால் அத்துயரைப் பெரிதும் தவிர்க்கலாம். சிறுநீர்த் தொற்று முற்றினால் நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிள்ளையின் பெயரையே மறந்து பிதற்றக்கூடும். எஞ்சியிருப்பவை சில நாள்களே எனில், அவற்றுள் ஒன்றைக்கூட இவ்வாறு இழக்கலாகாது.

புற்றுநோயும் அதற்கான மருந்துகளும் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுகின்றன. தோல் மெலிந்து, ஒரே பக்கம் படுத்த இடத்தில் புண்ணாகிறது. உடலில் செருகிய சிறுநீர் வடிகுழாய் ஒவ்வொரு நாளும் நுண்ணுயிரிகளுக்கு வழி திறந்து வைக்கிறது. ஆயினும் அசைந்தாலே வலிக்கும் ஒருவருக்கு அக்குழாய் பெரும் ஆறுதலாகும். ஆதலால் அதன் தேவையை அன்றாடம் எண்ணிப் பார்ப்பதும், சேகரிப்புப் பை தரையில் படாமலும் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே இருக்குமாறும் காப்பதும் செவிலியர் கடமையாகின்றன.

புற்றுப்புண்ணின் நாற்றத்தைத் தனியே சொல்ல வேண்டும். உயிர்வளி வேண்டாத நுண்ணுயிரிகள் அழுகிய திசுவில் பெருகுவதே அதற்குக் காரணம். மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணின்மேல் தூவும் எளிய முறை நம் நாட்டு ஆதரவுச் சிகிச்சையில் வழக்கமாக உள்ளது. நாற்றம் தணிந்தால், வாசலிலேயே தயங்கி நின்ற பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வருவார்கள். புண் ஆறுவதில்லை, ஆயினும் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது.

இனிக் கைத்தூய்மைக்கு வருவோம். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மகப்பேற்றுக் காய்ச்சலைப் பரப்புவது மருத்துவரின் கையே என்று கண்டு, குளோரின் நீரில் கைகழுவச் செய்தார். சாவுகள் பெருமளவு குறைந்தன. இன்று சாராயம் கலந்த கைத்தேய்ப்பு நீர்மத்தை 20 முதல் 30 நொடி தேய்த்தால் பெரும்பாலான கிருமிகள் மடியும். ஆனால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் நுண்ணுயிரியின் விதைமணிகள் அதற்கு அசையா. கட்டிற்சட்டங்களிலும் கதவுப்பிடிகளிலும் அவை திங்கள் கணக்கில் உயிர்த்திருக்கும். அங்கே வழலையும் ஓடும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடி கழுவுவதும், குளோரின் கரைசலால் பரப்புகளைத் துடைப்பதுமே வழி.

பொது மருத்துவமனையின் தனிமைப்படுத்தும் விதிகளை இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களுக்கு அப்படியே கொணர்வது தவறு என்பேன். 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, உற்றார் முகம் காணாமலே இறந்தோர் பல நாடுகளில் இருந்தனர். அத்தகைய தனிமை மிகக் கொடியது. மருந்து எதிர்ப்புப் பெற்ற நுண்ணுயிரி உடலில் இருப்பினும், கையைப் பற்றியபடி அமர்ந்திருக்கும் மகளுக்குப் பெரும்பாலும் கையுறை வேண்டியதில்லை. நன்கு கழுவிய கை போதும். பொருக்குச் சிரங்கு போன்ற சில நோய்களே விலக்கு.

இறுதிக்காலத்தில் இருப்பவரைக் காணச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். சளியோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று தொலைபேசியில் பேசுங்கள். நலமாக இருந்தால் நேரில் செல்லுங்கள். வாசலில் கைகளைக் கழுவி, ஈரம் துடைத்து, அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள்.