வெற்றுப் பாத்திரங்கள் உள்ளவரை

இறைவாக்கினர் எலிசாவிடம் கண்ணீரோடு வந்து முறையிட்ட ஒரு விதவையைப் பற்றி அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். கணவன் இறந்துவிட்டான். கடன் கொடுத்தவனோ அவளுடைய இரு புதல்வரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். வீட்டில் எஞ்சியிருந்தது சிறிதளவு எண்ணெய் மட்டுமே. அயலாரிடம் வெற்றுப் பாத்திரங்களை இரவல் வாங்கி, அவற்றில் அந்த எண்ணெயை வார்க்கும்படி எலிசா பணிக்கிறார். வார்க்க வார்க்க எண்ணெய் பெருகுகிறது. இனிப் பாத்திரம் இல்லை என்று மகன் சொன்னபோதுதான் அது நின்றுவிடுகிறது. இறைவனின் கொடை அங்கே முடியவில்லை, முடிந்தது பாத்திரங்களே. விற்ற பணத்தைக் கொண்டு முதலில் கடனைத் தீர்க்குமாறு எலிசா அவளுக்குக் கூறியதும் நம் கவனத்திற்குரியது.

எண்ணெயால் செல்வம் பெற்று, அந்தச் செல்வத்தால் தம் வாழ்நாள் முழுவதும் ஒரு கடனைத் தீர்த்துக்கொண்டிருந்த ஒரு பொதுநிலையினரின் வாழ்க்கை, இந்த விவிலிய நிகழ்வை நினைவூட்டுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த இக்னேசியஸ் அலோசியஸ் ஓஷோனசி என்பவரே அவர்.

மூடிய கதவு

1885ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருநாளன்று, ஸ்டில்வோட்டர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அத்திருநாளின் புனிதருடைய பெயரையே அவர் தாங்கியிருந்தார். தந்தை காலணி செய்யும் தொழிலாளி. பதின்மூன்று பிள்ளைகள் கொண்ட அந்த ஐரிஷ் வழிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் இவரே கடைக்குட்டி.

இளைஞனான இக்னேசியஸ், பெனடிக்ற் சபைத் துறவிகள் நடத்திய புனித யோவான் கல்லூரியில் பயிலச் சென்றார். ஆனால் அங்கே அவர் நீண்ட காலம் நிலைக்கவில்லை. மாலைச் செபத்திற்குச் செல்லாமல் தோழர்களோடு சேர்ந்து பியர் அருந்திய குற்றத்திற்காகக் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். துறவிகள் செய்தது அநீதியன்று. ஒழுங்கைக் காப்பது அவர்களின் கடமை. எனினும், காலணி தைத்துப் பதின்மூன்று பிள்ளைகளை வளர்த்த தந்தையின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கேள்வி அந்த இளைஞனின் நெஞ்சை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

திறந்த கதவு

அவர் சென்ட் போல் நகரிலிருந்த புனித தோமஸ் கல்லூரியின் வளாகத்திற்குச் சென்றார். பேராயர் ஜோன் அயர்லன்ட் அக்கல்லூரியை நிறுவியதும் அதே 1885ஆம் ஆண்டிலேயே. அங்கே அதன் அதிபராயிருந்த அருட்தந்தை ஜோன் டொல்பினைச் சந்தித்தார். நடந்ததைக் கேட்டறிந்த அந்தக் குருவானவர், வேறொரு கல்லூரியால் அனுப்பப்பட்டவன் என்று அவரைப் புறந்தள்ளவில்லை, மாணவராக ஏற்றுக்கொண்டார்.

அன்று நடந்தது இவ்வளவே. அதற்கு விழா எடுக்கப்படவில்லை; பணமும் செலவாகவில்லை. ஆனால் அந்த மாணவர் அந்நாளை மறக்கவேயில்லை. படிப்போடு உதைபந்தாட்டத்திலும் சிறந்து விளங்கி, 1907ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளியேறினார். மறுஆண்டு திருமணம் செய்து, ஐந்து பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

எண்ணெயும் செல்வமும்

மோட்டார் வண்டிகள் அமெரிக்க வீதிகளில் பெருகத் தொடங்கிய காலம் அது. நிலத்திலிருந்து எடுக்கும் மசகெண்ணெய் அப்படியே எஞ்சினுக்கு உதவாது. அதனைச் சூடாக்கிக் காய்ச்சி வடித்து, பெற்றோல், மண்ணெண்ணெய் எனப் பிரித்தெடுக்க வேண்டும். வேறு தொழில்களில் சில ஆண்டுகளைக் கழித்த ஓஷோனசி, இத்துறையில் இறங்கி, 1917இல் ஒக்லஹோமா மாநிலத்தில் குளோப் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒக்லஹோமாவில் பிளக்வெல், கன்சாஸில் மக்பர்சன், இல்லினோயில் லெமொன்ட் ஆகிய இடங்களில் அவருடைய சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. இவற்றுள் மக்பர்சன் நிலையத்தை 1943ஆம் ஆண்டில் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு வாங்கிக்கொண்டது.

செல்வம் வந்தபோது அவர் தம் பழைய கல்லூரியைத் தேடிச் சென்றார். விளையாட்டு மண்டபம், விளையாட்டரங்கு, 1959இல் நூலகம் என ஒன்றன்பின் ஒன்றாக அங்கே எழுந்தன. கொடைகளைத் தொடர்ந்து வழங்குவதற்காக 1941ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். அதே நகரில் பெண்களுக்கெனக் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய புனித கத்தரீன் கல்லூரியிலும் அவருடைய கொடையால் 1970இல் பெரியதொரு கலையரங்கம் திறக்கப்பட்டது.

நொட்ரே டேம் பல்கலைக்கழகத்திற்கு அவர் வழங்கிய கொடை தனிச் சிறப்புடையது. எண்ணெய் வணிகரான அவர், தம் தொழிலுக்குப் பயன்படும் பொறியியல் கூடத்தை அங்கே கட்டவில்லை. இலக்கியம், மெய்யியல், வரலாறு முதலியன கற்பிக்கப்படும் கலைப் பீடத்திற்கே கட்டடம் எழுப்பினார். மனிதன் பிழைக்கக் கற்பது மட்டும் போதாது, வாழவும் கற்க வேண்டும் என்பதை அக்கட்டடம் இன்றும் உணர்த்துகின்றது. 1953ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகம், அமெரிக்கக் கத்தோலிக்கருக்கு வழங்கும் உயரிய விருதான லேற்றாரே பதக்கத்தை அவருக்கு அளித்தது.

எருசலேம் வீதியில் ஒரு குன்று

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பார்வையாளராகக் கலந்துகொண்ட பிற திருச்சபைகளின் இறையியலாளர்கள், மீட்பின் வரலாற்றை எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒன்றாக ஆராய ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தை 1963இல் முன்வைத்தனர். 1964 ஜனவரியில் எருசலேமில் முதுபெரும் தந்தை அத்தனகோரசைச் சந்தித்துத் தழுவிய திருத்தந்தை ஆறாம் பவுல், அந்த இடம் புனித பூமியிலேயே அமைய விரும்பினார். அப்பொறுப்பை நொட்ரே டேம் பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை தியடோர் ஹெஸ்பேர்கிடம் ஒப்படைத்தார். கட்டும் செலவுக்கு அருட்தந்தை நாடியது ஓஷோனசியையே. அவரும் மறுக்கவில்லை.

1967ஆம் ஆண்டு யுத்தத்தால் பணிகள் தாமதமாயின. ஈற்றில் எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் இடையேயுள்ள குன்றில், தாந்தூர் என்னும் கிறிஸ்தவ ஒன்றிப்பு நிலையம் 1972இல் திறக்கப்பட்டது. மறுஆண்டு நவம்பர் 21ஆம் நாள், 88ஆவது வயதில், ஓஷோனசி இறைவனடி சேர்ந்தார். பிற்காலத்தில் அக்குன்றின் அருகே பிரிவினைச் சுவரும் சோதனைச் சாவடியும் எழுந்தன. ஆயினும் பிரிந்திருக்கும் கிறிஸ்தவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கும் இடமாகத் தாந்தூர் நிலைத்திருக்கின்றது.

யார் பெரிய கொடையாளர்?

அன்பார்ந்த வாசகர்களே, செல்வர் விண்ணரசில் நுழைவது கடினம் என்ற ஆண்டவரின் எச்சரிக்கையை எந்தக் கட்டடமும் இல்லாமற் செய்துவிடாது. கொடையால் விண்ணகத்தை விலைக்கு வாங்கவும் முடியாது. ஓஷோனசியின் கொடைகளை விலைப்பணமாகக் காண்பதைவிட நன்றிக்கடனாகக் காண்பதே பொருத்தமானது. மன்னிக்கப்பட்டவனே அதிகம் அன்பு செய்வான் என்று சீமோன் வீட்டு விருந்தில் ஆண்டவர் போதித்த உண்மை இதுவேயன்றோ!

அந்த வளாகக் கட்டடங்களில் ஓஷோனசியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் அந்தக் கொடைகளுக்கெல்லாம் முந்திய கொடையை வழங்கியவர் அருட்தந்தை டொல்பின். அவர் அன்று கதவைச் சாத்தியிருந்தால் இந்த வரலாறே வேறாகியிருக்கும். தம்முன் நிற்பவன் நாளை செல்வனாவான் என்று அவருக்குத் தெரியாது. அவர் கண்டது ஒரு வெற்றுப் பாத்திரத்தை. அதில் தம்மிடமிருந்த இரக்கத்தை வார்த்தார்.

கட்டடம் எழுப்ப நம்மில் பலரால் இயலாது. ஆனால் டொல்பினின் கொடையை வழங்க இயலாத குடும்பம் எதுவுமில்லை. பரீட்சையில் தவறிய மகன், தீய நட்பில் வழுவிய பிள்ளை, பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டு ஊரார் முன் தலைகுனிந்து நிற்கும் இளைஞன் ஆகியோர் நம் வீடுகளிலும் அயலிலும் இருக்கின்றனர். தவறைத் தவறென்று சொல்வோம். அது பெற்றோரின் கடமை. சொன்ன பின்பு, உள்ளே வந்து அமரச் சொல்லவும் மறவாதிருப்போம். அத்தகைய ஒருவரின் பெயரை இவ்வாரக் குடும்பச் செபமாலையில் சொல்லி வேண்டுவோம். வேண்டிய பின், அவரைத் தேடிச் சென்று ஒரு வார்த்தையேனும் பேசுவோம். வெற்றுப் பாத்திரங்கள் உள்ளவரை, வார்ப்பதற்கு எண்ணெய் தருபவர் இறைவன்.